கூட்டாகவும் தனித்தனியாகவும்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள், வங்கியின் சார்பில் ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வரும்படி மானேஜர் என்னை அனுப்பினார். இம்மாதிரிக் கூட்டங்களுக்குக் கிளையில் யாருக்கு வேலை குறைவோ அவரை அனுப்புவது வழக்கம். கவிதை விமர்சனம் எழுதுகிறவனுக்கு வேலை குறைவு என்பது எங்கள் கிளையில் நிலைபெற்றுவிட்ட அபிப்பிராயம். சிறார் குற்றங்களைத் தடுப்பதில் துறைகளின் ஒருங்கிணைப்பு என்பது கூட்டத்தின் பொருள். காவல்துறை, பள்ளிக்கூடம், வருவாய்த்துறை, ஊராட்சி, சுகாதாரம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று எல்லாத் தரப்பிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். வருகைப் பதிவேடு சுற்றி வந்தது. கையெழுத்துப் போட்டேன். டீயும் மிக்சரும் வந்தன. இது எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம் என்று ஆறு பேர் ஆறு விதமாகச் சொன்னார்கள். பிறகு ஒருவர், நல்ல மனிதர்தான், எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுடைய விஷயத்தை ஒருங்கிணைப்பு சரியாக வேலை செய்ததற்கு உதாரணமாக எடுத்துச் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை, சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. என் பக்கத்து நாற்காலிக்காரர் காதருகே குனிந்து கேட்டார்: ‘எந்தத் தெருப் பையன்?’

அந்தப் பையனை எனக்குத் தெரியும். அவன் மேல் கொடுக்கப்பட்ட புகாரை எழுதியவன் நான்.

இந்தப் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று கேட்கக்கூடிய நண்பர்கள் உண்டு. குற்றத்தைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம், தாஸ்தாவ்ஸ்கியையும் காம்யுவையும் ஜெனேயையும் வைத்துக்கொண்டு. அந்தக் குற்றங்களெல்லாம் ரஷ்யனிலும் பிரெஞ்சிலும் நடந்தவை. ஆங்கிலம் வழியாக நம் கைக்கு வந்து சேரும்போது அவை தத்துவமாகிவிட்டிருந்தன. மெத்ரே என்ற சிறுவர் சீர்திருத்தக் காலனியில் ஜெனே பையனாக அடைபட்டிருந்தார் என்பது நமக்குத் தெரியும். 1840-ல் தொடங்கிய அதே காலனியைத்தான் சிறையின் வரலாறு பற்றிய தன் புத்தகத்தில் ஃபூக்கோ ஒரு திருப்புமுனையாகக் காட்டுகிறார் என்பதும் தெரியும். பாளையங்கோட்டையில் ஒரு காலத்தில் பார்ஸ்டல் பள்ளி இருந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே, என் கையால் ஒரு பையன் அந்தப் பக்கம் அனுப்பப்பட இருந்தபோதுதான் இதையெல்லாம் தேடிப் படிக்கத் தோன்றிற்று. ஆகவே இது பொதுவான அக்கறையில் எழுதப்படுவதல்ல.

வீரகேரளம்புதூர் சிற்றாற்றங்கரை ஊர். ஊற்றுமலை ஜமீன்தார்களின் அரண்மனை இங்கே இருப்பது. காவடிச் சிந்து அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த மருதப்பத் தேவரால் இலக்கியக்காரர்களுக்கு இந்த ஊரின் பெயர் ஞாபகம் இருக்கலாம். எங்கள் கிளைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வயதான பெண்கள். முதியோர் உதவித்தொகை, பீடி சுற்றிய காலத்துப் பென்ஷன் என்று ஏதோ ஒன்று வரும். கைநாட்டு வைக்கிறவர்கள். அவர்களுக்குச் சீட்டு எழுத ஆள் வேண்டும். சனிக்கிழமைகளிலும் பள்ளி லீவு நாட்களிலும் இந்தப் பையன் வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வான். சீட்டுக்குப் பத்து ரூபாய். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ‘ரூபாய் ஐந்நூறு மட்டும்’ என்று எழுதி, ‘மட்டும்’ என்பதை ஒட்டி நீளமாக ஒரு கோடு இழுப்பான். எதற்கடா இது என்று ஒரு நாள் கேட்டேன். ‘அதுக்கு மேல யாரும் எழுதிரக் கூடாதுல்லா சார்’ என்றான். அப்பா கேரளத்தில் கட்டட வேலை. அம்மா பீடி சுற்றுகிறவள். எந்தத் தெரு என்பதை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நம் பக்கத்து வாசகர்கள் அவனை முழுக்க அறிந்துகொண்டுவிட்டதாக நினைத்து, மேலே படிக்கிற சிரமத்தை விட்டுவிடுவார்கள்.

ஒரு ஆச்சி தன் ஏ.டி.எம். கார்டையும் நம்பரையும் அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். தேவைப்படும்போது ஐந்நூறோ ஆயிரமோ எடுத்துக் கொடுப்பான். 2024 ஆடியில் பாஸ்புக் பதிய வந்தவளிடம், இரண்டு தடவை ஆயிரம் ஆயிரமாக எடுத்திருக்கிறதே என்று சொன்னேன். தான் எடுக்கச் சொல்லவில்லை என்றாள். இரண்டாயிரம் ரூபாய். உதவித்தொகை அப்போது மாதம் 1,200. அவளுக்கு அது ஒன்றரை மாதத்துக்கு மேலான ஜீவனம். காமிராவில் பார்த்தோம். பள்ளிக்கூடச் சட்டையோடு நின்று எடுத்திருக்கிறான். முகத்தை மறைக்கக்கூடத் தெரியவில்லை.

அப்போது நான் செய்திருக்கக்கூடியது ஒன்று இருந்தது. அவன் வீடு நடந்து போகிற தூரம். மானேஜர், ‘எழுத்து மூலமா வாங்கிருங்க, நாளைக்கு நம்ம தலையில வந்து விடியக் கூடாது’ என்றார். அவர் சொன்னது விதிப்படி சரி. ஆச்சிக்காகப் புகாரை நானே எழுதினேன். நல்ல தமிழில், சம்பவ வரிசை பிசகாமல் எழுதினேன். ஒரு விமர்சகனுக்கு வரக்கூடிய சின்ன சந்தோஷம்கூட அதை எழுதும்போது எனக்கு இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆச்சி கைநாட்டு வைத்தாள். இரண்டு நாள் கழித்து வந்து கேட்டாள்: ‘ரூவாயக் கேட்டு வாங்கித் தருவீகன்னுல்லா வந்தேன். பயலப் புடிச்சுக் குடுக்கவா சொன்னேன்?’

பிறகு நடந்தவற்றில் எவர் மீதும் குறை சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் சிறார்களுக்கென்று ஒரு அதிகாரி இருக்க வேண்டும். அவர் சீருடையில் வரவில்லை, வரக்கூடாது. மூன்றாண்டுக்கு மேல் தண்டனை இல்லாத குற்றத்தைச் சட்டம் சிறு குற்றம் என்கிறது. அதற்கு முதல் தகவல் அறிக்கை போடுவதில்லை. போடவில்லை. பதிலாக, பையனின் சமூகப் பின்னணி பற்றி ஒரு படிவம் நிரப்பி இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினார்கள். படிவத்தில் குடும்ப வருமானம், படிப்பு, பழக்கங்கள், நண்பர்கள் எப்படிப்பட்டவர்கள், குற்றத்துக்கான காரணம் என்று பல இடங்கள் உண்டு. அதற்காகத் தலைமையாசிரியரைக் கேட்டார்கள், கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டார்கள், பக்கத்து வீட்டில் கேட்டார்கள், என்னையும் கேட்டார்கள். குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும். முடித்தார்கள். அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். இதைவிடக் கண்ணியமாக ஒரு அரசாங்கம் நடந்துகொள்ள முடியுமா என்று கேட்டால், முடியாது என்றுதான் சொல்வேன்.

பொங்கலுக்குப் பிறகு பையன் பள்ளிக்கூடம் போகவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதவில்லை. செங்கோட்டை வழியாக மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ பேக்கரியில் இருப்பதாகச் சொன்னார்கள். அவன் மேல் வழக்கு இல்லை, தண்டனை இல்லை, பதிவு இல்லை. ஆனால் வகுப்பில் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அத்தனை பேரையும் ‘ரகசியமாக’ விசாரித்திருந்தார்கள்.

நான்கு மாதத்துக்குள் இன்னொன்றும் நடந்தது. இதை இதுவரை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். புகார் போன பிறகு ஒரு நாள் பழைய வவுச்சர்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஆச்சியின் கணக்கில் இருநூறு ரூபாய் கட்டிய சீட்டு ஒன்று கண்ணில் பட்டது. ‘ரூபாய் இருநூறு மட்டும்’, பிறகு நீளமாக ஒரு கோடு. பணம் எடுத்த ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. பணத்தை வாங்கி முத்திரை குத்தியவன் நான். பாஸ்புக்கில் அந்த வரியைப் பதிந்து கொடுத்தவனும் நான். எடுத்தது இரண்டு வரி, போட்டது ஒரு வரி. எடுத்த வரிகள் மட்டும் என் கண்ணில் பட்டிருக்கின்றன. நண்பன் ஒருவனின் போன் கண்ணாடியை உடைத்துவிட்டு, அதை மாற்றிக் கொடுக்கத்தான் பணம் எடுத்திருக்கிறான் என்பது அவன் அம்மா சொல்லிப் பின்னால் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்ட நினைத்திருக்கிறான். மானேஜரிடம் சீட்டைக் காட்டினேன். ‘அதை இப்பப் போயி கிளறாதீங்க’ என்றார். குழுமத்திடம் போய்ச் சொல்லியிருக்கலாம். படிவத்தில் அதற்கு இடம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ட்ரூஃபோவின் முதல் முழுநீளப் படத்தை (1959) இருபது வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரி ஹாலில் பார்த்தேன். அதில் பையன் அப்பாவின் ஆபீசிலிருந்து டைப்ரைட்டரைத் திருடுகிறான். பிடிபடுவது திருடும்போது அல்ல, திருப்பி வைக்கப் போகும்போது. அப்பாவே போலீஸில் கொண்டு விடுகிறார். அன்றைக்கு நாங்கள் பேசியதெல்லாம் கடைசியில் பையனின் முகத்தில் படம் உறைந்து நிற்பதைப் பற்றித்தான். திருப்பி வைக்கும்போது பிடிபடுவது பற்றி யாரும் பேசியதாக ஞாபகமில்லை.

கேள்விக்கு வருகிறேன். பல துறைகள் சேர்ந்து ஒரு பையனைக் குற்றத்திலிருந்து காப்பது என்கிறார்கள். பொறுப்பு என்பது பங்கு போடக்கூடிய பொருள்தானா?

என் தொழிலில் ஒரு வாசகம் உண்டு. கடன் பத்திரத்தில் ஜாமீன்தாரர்கள் கையெழுத்திடும் இடத்தில், ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பு என்று இருக்கும். நான்கு பேர் ஜாமீன் போட்டால் ஆளுக்குக் கால் பங்கு என்று அர்த்தமல்ல. ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. மற்ற மூவரும் ஓடிப்போனாலும் நாலாமவனிடம் முழுப் பணத்தையும் கேட்கலாம். கடன் வாங்கியவனின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் பின்னால் வந்து அழுவதை நான் பார்த்திருக்கிறேன். கடுமையான வாசகம்தான். ஆனால் ஒழுக்கம் பற்றிய உண்மை ஒன்று அதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. துறைகளின் ஒருங்கிணைப்பு கூட்டாக மட்டும் பொறுப்பேற்கிறது, தனித்தனியாக ஏற்பதில்லை. ஒவ்வொருவரும் தன் பத்தியை நிரப்பிவிடுகிறார்கள். பத்திகளெல்லாம் நிரம்பியதும் பையனும் வந்துவிட்டதாக ஒரு நம்பிக்கை. தலைமையாசிரியருக்கு அவன் வருகைச் சதவீதம், கிராம அதிகாரிக்கு அவன் குடும்ப வருமானம், எனக்கு அவன் எடுத்த இரண்டு வரிகள். அந்தக் கோட்டை இழுக்கிற பையனை அறிந்தவன் நான் ஒருவன்தான். என்னிடம் வாங்கப்பட்டது தகவல். நானும் தகவலைத்தான் கொடுத்தேன்.

செங்கல்பட்டில் 1887-ல் சீர்திருத்தப் பள்ளியாகத் தொடங்கிய இல்லத்தில், 2022 டிசம்பர் 31 அன்று பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். தாம்பரத்தில் ரயில்வே பாட்டரி திருடியதாகப் பிடிபட்டவன். அடித்ததாக இல்லத்து ஊழியர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். அடித்த கைகளின் குற்றம் சட்டத்துக்குத் தெரியும். ரயில்வே பாதுகாப்புப் படை பிடித்து, குழுமம் உத்தரவிட்டு, இல்லம் ஏற்றுக்கொண்டு, பையன் கைமாறிக் கைமாறிப் போன பாதையில் ஒவ்வொரு கையும் தன் பங்கைச் செய்திருந்தது. அவனை முழுக்க ஏற்றுக்கொண்ட கை ஒன்றுகூட இல்லை.

இதைச் சொன்னபோது என் கவி நண்பர் ஒருவர் சீறினார். ‘நீர் ஆச்சியை மறந்துவிட்டீர். திருட்டு திருட்டுத்தான். உம்முடைய கருணையெல்லாம் கோடு இழுத்த அழகுக்காக. கையெழுத்து கோணலாக இருக்கிற பையனுக்கு என்ன செய்வீர்?’ இதில் கடைசி வாக்கியம் என்னைச் சுட்டது. இன்றும் அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஒரு மனிதனை ரசிப்பதும் அவனுக்குப் பொறுப்பேற்பதும் வேறு வேறு. இலக்கியக்காரர்கள் ரசனையையே அறமாக நினைத்துக்கொள்கிற ஆபத்து எப்போதும் இருக்கிறது.

இன்னொரு நண்பர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். முன்காலத்தில் கிராமமே பையனை வளர்த்தது, அதிகாரிகள் வந்துதான் கெடுத்தார்கள் என்றார். இந்தக் கனவு நம்மிடையே கொஞ்சம் அதிகமாகவே புழங்குகிறது. ஊற்றுமலை உட்பட நெல்லைச் சீமையின் பாளையங்களில் காவல் முறை என்று ஒன்று இருந்தது. ஊர் காவல்காரனுக்குக் கூலி கொடுக்கும். களவு போனால் அவன் பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். ஒரு ஆள், முழுப் பொறுப்பு. ஜாமீன் பத்திரத்தின் கறார் அதில் இருக்கிறது. ஆனால் காவல் கூலி கொடுக்காத வீட்டில் களவு போகும் என்பதும், மீட்டுத் தரத் துப்புக்கூலி என்று தனியாக வாங்கப்பட்டதும் அந்த முறையின் இன்னொரு பக்கம். அந்த முறையைக் கலைத்த வெள்ளைக்காரன் கொண்டுவந்தது இன்னும் மோசம். 1871-ல் வடக்கே இயற்றப்பட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஜனங்கள் ரேகைச் சட்டம் என்றார்கள். பிறப்பாலேயே குற்றவாளி, கைரேகை கொடு, ராத்திரி போலீஸ் கண்காணிப்பில் கிட. 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்துத் திரண்ட கள்ளர்களைப் போலீஸ் சுட்டதில் பலர் செத்தார்கள். பிறகு போலீஸும் பள்ளிக்கூடமும் கூட்டுறவுச் சங்கமும் பஞ்சாயத்தும் சேர்ந்து அந்த மக்களைச் ‘சீரமைத்தன’. குற்றத்தடுப்பில் துறைகளின் ஒருங்கிணைப்புக்கு நம் நாட்டில் இதைவிட முழுமையான முன்னுதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதே 1920-ல்தான் சென்னை மாகாணத்தில் குழந்தைகள் சட்டமும் வந்தது, இந்தியாவிலேயே முதலாவதாக; பிள்ளைகளைப் பெரியவர்களோடு சிறையில் போடாதே என்று சொன்ன சட்டம். ஒரே அரசாங்கம், ஒரே வருஷம். ‘முன்கூட்டியே தடுப்பது’ என்ற வார்த்தையைக் கேட்கும்போது அது இந்த இரண்டில் எதன் பிள்ளை என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சென்னையில் 2022-ல் நூறு பள்ளிகளில் போலீஸார் தொடங்கிய மாணவர் திட்டத்துக்குச் சிற்பி என்று பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து உண்டாக்கிய சொல். திட்டம் நல்லதாகவே இருக்கலாம். சிற்பி என்றால் கல் யார் என்று கேட்கிற புத்தி விமர்சகனுக்கு, விடாது.

ஆனால் இங்கே நான் நிற்க வேண்டியிருக்கிறது. துறைகள் ஒன்றோடொன்று பேசவே வேண்டாம், பையன்களை அவர்கள் பாட்டுக்கு விடுங்கள் என்று சொல்ல நெல்லைப் பக்கத்தில் இருக்கிற எவனுக்கும் இன்று வாய் வராது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் கட்டுகிற கலர்க் கயிறு எந்தச் சாதி என்று சொல்லிவிடும். 2019-ல் பள்ளிக் கல்வித்துறை இதைக் கவனிக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது அமுங்கிப்போயிற்று. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடியில் கயிற்றில் தொடங்கிய சண்டையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் செத்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்கள் ராத்திரி வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அவன் அந்தப் பையன்களின் தொந்தரவு தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். ஏன் வரவில்லை என்று விசாரித்த பள்ளியில் காரணத்தைச் சொன்ன பிறகுதான் அந்த ராத்திரி வந்தது. இந்தச் செய்தியை நான் பல நாள் மனதில் வைத்துப் புரட்டியிருக்கிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லத்தான் செய்தார்கள். கேட்டுக்கொண்டவர்கள், வேலைநேரம் முடிந்தபின் அந்த வீட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்டுக்கொள்ளவில்லை. வெட்டிய பையன்களுக்கும் முன்னதாக யாராவது பொறுப்பேற்றிருக்க வேண்டும். அவர்களும் சட்டப்படி சிறார்களே. சொந்தத் தெருக்காரர்கள் அவர்களை நன்றாகவே அறிந்திருப்பார்கள். ஊர் அறிவதென்றால் இதுதான். என் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்ட கேள்வியில் தொடங்குகிற அறிவு.

அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. பள்ளிகளில் மாணவர் நலனுக்கென்றே அலுவலரை நியமிக்கச் சொன்னது. செங்கல்பட்டுச் சாவுக்குப் பிறகு இல்லங்களை ஆராய்ந்தவரும் அவரே. கயிற்றுக்குத் தடை என்பதில் பெரும் சர்ச்சை நடந்தது. நல அலுவலர் என்பதைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு ஆள், பெயர் சொல்லிக் கேட்கக்கூடியவராக இருப்பது என்ற எண்ணம். அந்த ஆளுக்கும் ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் பழையபடிதான்.

மேற்கே இதில் நம்மைவிட முன்னே போயிருக்கிறார்கள், தவறுகளிலும். சிக்காகோவில் 1899-ல் சிறுவர் நீதிமன்றம் வந்தபோது நீதிபதி தகப்பன் மாதிரி நடந்துகொள்வார் என்றார்கள். தகப்பனிடம் வக்கீல் எதற்கு என்றார்கள். 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், ஆபாசமாகப் போன் பேசியதாகச் சொல்லப்பட்ட பதினைந்து வயதுப் பையனை அந்தத் தகப்பன் ஆறு வருஷம் வரைக்கும் அடைக்க உத்தரவிட்டிருந்தார். இங்கிலாந்தில் 1998 சட்டம் ஒவ்வொரு பகுதியிலும் போலீஸ், நன்னடத்தை அதிகாரி, சமூகப் பணியாளர், கல்வி, சுகாதாரம் ஆகிய ஐந்து தரப்பும் சேர்ந்த குழுவைக் கட்டாயமாக்கியது. என் கூட்டத்தின் அசல் அதுதான். மிக்சர் மட்டும் நம்முடையது. ஸ்காட்லாந்து வேறு வழி போயிற்று. கில்பிராண்டன் குழு 1964-ல் சொன்னபடி 1971 முதல் அந்தந்தப் பகுதியின் சாதாரண ஜனங்கள் மூன்று பேர் பையனோடும் பெற்றோரோடும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. எங்கள் ஊரில் அந்த மூன்று பேர் யார், அவர்கள் எந்தத் தெரு என்று உடனே தோன்றிவிடுகிறது. இது என் மனத்தின் கோளாறா ஊரின் கோளாறா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

காந்தி தன் பதினைந்தாம் வயதில் அண்ணனின் காப்பிலிருந்து துளி தங்கத்தைத் திருடியதைச் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். வாயால் சொல்லத் துணிவில்லாமல் காகிதத்தில் எழுதி, நோயாய்ப் படுத்திருந்த தகப்பனாரிடம் கொடுக்கிறார். அவர் எழுந்து உட்கார்ந்து படிக்கிறார், கண்ணீர் காகிதத்தை நனைக்கிறது, பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறார். பள்ளியில் இதை அகிம்சைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது படிக்கையில் எனக்கு அந்தக் கிழித்தல்தான் விஷயமாகத் தெரிகிறது. அவர் ஒருவரால்தான் கிழிக்க முடியும். அது ஒரே பிரதி, அவருக்கென்று எழுதப்பட்டது. முழுக் கடனும் அவர் பெயரில் இருந்தது, அவரால் தள்ளுபடி செய்ய முடிந்தது.

நம் சட்டமும் கிழிக்கச் சொல்கிறது. சிறாரின் குற்றப் பதிவுகள் குறித்த காலத்துக்குப் பின், கொடிய குற்றங்களில் சில நீங்கலாக, அழிக்கப்பட வேண்டும். அந்தக் காரணத்தால் அவனுக்கு எந்தத் தகுதிக் குறைவும் வரக்கூடாது. புதிய தொடக்கம் என்பதை அந்தச் சட்டம் ஒரு கோட்பாடாகவே எழுதி வைத்திருக்கிறது. நான் படித்த சட்டங்களில் இவ்வளவு கவித்துவமான பிரிவு வேறில்லை. ஆனால் துறைகள் கூடக்கூடப் பிரதிகள் கூடுகின்றன. காவல் நிலையத்தில் ஒன்று, குழுமத்தில் ஒன்று, பாதுகாப்பு அலகில் ஒன்று, பள்ளியில் ஒரு குறிப்பு. அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தால் அழிக்கலாம். பெயர் சொல்லாமல் கூட்டத்தில் உதாரணமாகச் சொல்லப்பட்டதை யார் அழிப்பது? கூட்டத்தில் எழுந்து நான் இருநூறு ரூபாய்ச் சீட்டைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். உதாரணம் முடிந்து எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

புகாரின் நகல் ஒன்று என் மேஜை டிராயரில் இருக்கிறது. கிளைக்கு வேண்டியதில்லை; நானாக எடுத்து வைத்துக்கொண்டது. எந்தச் சட்டமும் அதை அழிக்கச் சொல்லப் போவதில்லை. கிழித்துவிடலாம் என்று சில நாள் தோன்றும். காந்தியின் தகப்பனாருக்கு இருந்த உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று மறுபடி உள்ளே வைத்துவிடுவேன்.

போன வாரம் ஆச்சி வந்தாள். கார்டை இப்போது வைத்துக்கொள்வதில்லை, சீட்டு எழுதித்தான் எடுக்கிறாள். ‘பய வந்தானாய்யா?’ என்றாள். இல்லை என்றேன். சீட்டை நானே எழுதினேன். ரூபாய் ஐந்நூறு மட்டும். கைநாட்டு வைத்துப் பணத்தை வாங்கி, இரண்டு தடவை எண்ணி, முந்தியில் முடிந்துகொண்டு, முன்பே தனியாக எடுத்து வைத்திருந்த பத்து ரூபாயை கவுண்டருக்குள் நீட்டினாள். எனக்கு வேண்டாம் ஆச்சி என்றேன்.

‘அவன் வாங்கிக்கிடுவான்’ என்றாள்.